யின் நூவுக்கு முன்னால் போன குரல்

"சாவியை இப்பத்தானே வாங்கிட்டுப் போனே?" என்றார் கோயில் காவல்காரர் ஊ சேன்.

கொசுவலைக்குள்ளிருந்து வந்த குரலில் தூக்கமும் எரிச்சலும் இருந்தன. யின் நூ கதவு நிலைக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தாள். கோயில் சாவி தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

"நான் இப்பத்தான் வண்டியை நிறுத்திட்டு வரேன், பெரியப்பா."

"நீதான் வந்தே. 'நீங்க படுங்க, நானே எடுத்துக்கறேன்'னு சொன்னே." கிழவர் இருமினார். "இன்னிக்கு என்னமோ நல்லா சிரிச்சுப் பேசறாளேன்னு நினைச்சேன். அதுக்குள்ள மறந்துட்டியா?"

விடியாத நேரத்தில் ஒரு கிழவரோடு வாதாட அவளிடம் தெம்பு இல்லை. கனவு கண்டிருப்பார். நேற்று கோயிலைப் பூட்டாமலே வந்து படுத்திருப்பார். சாவி அங்கேயே பூட்டில் தொங்கிக்கொண்டிருக்கும்.

குடிசையிலிருந்து வண்டிக்கு நூறு அடிகூட இருக்காது. எள் அறுத்த கட்டைகள் பனியில் நனைந்து கிடந்தன. எங்கோ கடலைத் தோல் எரிக்கும் புகை தரையோடு தரையாக வந்தது. மார்கழிக் குளிர் லுங்கியின் கரை வழியே கணுக்காலைக் கவ்வியது. இருபத்திரண்டு வருடங்களாக இதே இருட்டில், இதே பாதையில், கோயிலையும் விடியலையும் காட்ட விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். பர்மாவின் இந்தப் பகானில் சூரியன் உதிக்காத நாளே கிடையாது என்பதுதான் அவளுடைய பிழைப்பு. அவளுடைய களைப்பும் அதுதான். கோயிலுக்குள் முதல் புத்தர் சிலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கியது நினைவிருக்கும். பிறகு பார்த்தால் மூன்றாவது புத்தரின் முன்னால் நிற்பாள். நடுவில் வாய் என்ன பேசியது என்று தெரியாது. விருந்தினர்கள் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த வாய் மட்டும் எழுந்து வேலைக்குப் போய்விட்டு வந்தால் என்ன, உடம்பு படுத்துக் கிடக்கட்டுமே என்று இந்தக் குளிர்காலம் முழுக்க அவள் நினைத்திருக்கிறாள்.

இன்றைய விருந்தினர் இரண்டே பேர். தெற்கே மியெக் ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்து ஓய்ந்த பா ஹானும் அவர் மனைவி மூ மூவும். பா ஹானுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஓரங்களிலிருந்து இருட்டு உள்ளே வருகிறதாம். வருகிற மழைக்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் பகானில் ஒரு விடியலைப் பார்த்துவிட வேண்டும் என்று மூ மூதான் அவரை இழுத்து வந்திருந்தாள்.

"சூரியன் எங்க ஊர்லயும்தான் உதிக்குது," என்று வண்டியில் வரும்போது அவர் முணுமுணுத்தார். "ஆனா அங்க யாரும் நாலு மணிக்குத் தட்டி எழுப்ப மாட்டாங்க."

"இவர் முப்பத்தஞ்சு வருஷமா சூரியன் உதிச்சுப் பாத்ததே இல்லை, தங்கச்சி. மத்தியானம் எழுந்து வந்து, என்னடி இவ்வளவு வெளிச்சமா இருக்குன்னு கேப்பார்."

"உன் மூஞ்சியப் பாத்துத்தான் அப்படிக் கேப்பேன்."

"பாத்தியா? கண்ணு போனாலும் வாய் போகாது."

பின்னால் இரண்டு பேரும் சிரித்தார்கள். யின் நூ சிரிக்கவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து மூ மூ கேட்டாள்: "நீ ஏன் பேசவே மாட்டேங்கறே? உடம்பு சரியில்லையா?"

"கோயில்ல பேசறேன்க்கா."

இப்போது அவள் திரும்பி வந்து பார்த்தால் வண்டி காலியாக இருந்தது.

மூ மூவின் தெர்மாஸ் குடுவை இருக்கையில் இருந்தது. போர்த்தியிருந்த கம்பளி மடித்து வைக்கப்பட்டிருந்தது. யின் நூ "அக்கா" என்று கூப்பிட்டாள். புளியமரத்தில் ஏதோ பறவை ஒருமுறை இறக்கையை உதறிவிட்டு அடங்கியது. ஒதுங்கப் போயிருப்பார்கள் என்று ஒரு நிமிடம் நின்றாள். இரண்டு நிமிடம். பிறகு டார்ச்சைக் கோயில் பக்கம் திருப்பினாள்.

கதவு திறந்திருந்தது. படிக்குக் கீழே செருப்புகள். பா ஹானின் தோல் செருப்பு, மூ மூவின் நீல ரப்பர் செருப்பு. பக்கத்தில் மூன்றாவதாக ஒரு ஜோடி. சிவப்பு வெல்வெட் பட்டை வைத்தது, புதுசு. இந்த வேலைக்கு வந்த வருடங்களில் யின் நூ அந்த மாதிரிதான் போடுவாள். கல்லும் முள்ளும் கிழிக்கிறது என்று பிறகு விட்டுவிட்டாள்.

வேறொரு கைடு. அதுதான். யாரோ ஒரு புதுப் பெண், நகரத்திலிருந்து வந்தவள், வழக்கம் தெரியாதவள், கிழவரை ஏமாற்றிச் சாவி வாங்கி, வண்டியில் உட்கார்ந்திருந்தவர்களையும் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். யின் நூவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது அலுப்புதான். சண்டை போட வேண்டும், குரலை உயர்த்த வேண்டும். அவள் செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே வௌவால் எச்சத்தின் காரமான நெடி மூக்கில் ஏறியது. எண்ணூறு வருடத்துச் செங்கல் தரை. மார்கழி விடியலில் அது உள்ளங்காலைச் சில்லிட வைக்கும். இன்றும் சில்லென்றுதான் இருந்தது. நான்கைந்து அடி வைத்ததும் ஓர் இடம் வெதுவெதுப்பாக இருந்தது, ஒருவர் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலி மாதிரி. அவள் காலை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். ஒரு பாதத்தின் அளவுதான் அந்தச் சூடு. அடுத்து இன்னொன்று. அதற்கடுத்து இன்னொன்று. அவள் வழக்கமாகக் கால் வைக்கும் இடங்களிலேயே, அவளுடைய அடியின் தூரத்திலேயே அவை போயின.

கோயிலின் நடுவில் ஒரு பெரிய செங்கல் தூண். அதன் நான்கு பக்கமும் நான்கு புத்தர்கள். சுற்றிலும் ஒரு குறுகிய நடை. ஒரு பக்கத்தில் நிற்பவருக்கு அடுத்த பக்கம் தெரியாது. அந்த அடுத்த பக்கத்திலிருந்துதான் குரல் வந்தது.

"பாத்து வாங்கண்ணே, இங்க ஒரு படி இருக்கு. தலையைக் குனிஞ்சுக்குங்க. ஆங், அவ்வளவுதான்."

இனிமையான குரல். நன்றாகத் தூங்கி எழுந்த பெண்ணின் குரல். யின் நூ மூலையைத் திரும்பினாள். யாரும் இல்லை. தெற்குப் புத்தரின் மடியில் டார்ச் ஒளி விழுந்தது. ஊதுபத்தி ஒன்று இப்போதுதான் ஏற்றப்பட்டுப் புகைந்துகொண்டிருந்தது.

"இவருக்கு மூக்கு உடைஞ்சிருக்கு, பாருங்க," என்றது குரல், அதற்கும் அடுத்த பக்கத்திலிருந்து. "பூகம்பம் வந்தப்போ நாங்க எல்லாரும் ஓடிட்டோம். இவர் மட்டும் ஓடலை."

இங்கே நிறுத்த வேண்டும். இரண்டு மூச்சு. சிரிக்க நேரம் கொடுக்க வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன்னால் யின் நூவே யோசித்துச் சேர்த்துக்கொண்ட வேடிக்கை அது.

குரல் நிறுத்தியது. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு.

பா ஹான் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது.

"இப்பத்தான் நல்லா பேசறே, தங்கச்சி!" என்றாள் மூ மூ. "வண்டியில வரும்போது பயந்தே போயிட்டேன்."

"கோயில்ல பேசறேன்னு சொன்னேன்ல, அக்கா."

யின் நூ ஓடினாள். மூலை. மேற்குப் புத்தர். யாரும் இல்லை. மூலை. வடக்குப் புத்தர். காலடியில் அதே சூடான பாதச் சுவடுகள். வண்டியில் கிடந்த கம்பளியின் கற்பூர வாசனை. மூ மூவின் வாசனை. ஒரு நொடிக்கு முன்னால் இங்கே நின்றிருக்கிறாள்.

"அக்கா! அது நான் இல்ல! நில்லுங்க!"

அவள் கத்தியது சுவர்களில் மோதி, மேலே வௌவால்களைக் கலைத்து, உடைந்து திரும்பி வந்தது. அந்தக் கரகரத்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"யாரோ கத்தறாங்களே," என்றார் பா ஹான். எங்கேயோ மேலிருந்து.

"வௌவால்ண்ணே. படியைப் பாத்து வைங்க."

மேலிருந்து.

வடகிழக்கு மூலையில், சுவரின் கனத்துக்குள்ளேயே ஒரு படிக்கட்டு ஏறியது. ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். முன்பெல்லாம் அதன் வழியே மேல்தளத்துக்குப் போய்த்தான் விடியலைக் காட்டுவார்கள். பூகம்பத்தில் மேல்தளத்தின் கிழக்குக் கைப்பிடிச் சுவரும், அதை ஒட்டிய தரையில் பாதியும் சரிந்து விழுந்தன. அன்றிலிருந்து இரும்புக் கதவு போட்டு அடைத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் பின்னாலிருக்கும் மண்மேட்டிலிருந்துதான் சூரியனைப் பார்ப்பது.

இரும்புக் கதவு திறந்து கிடந்தது.

யின் நூ அதன் முன்னால் நின்றாள். திரும்பிப் போய் ஊ சேனை எழுப்பலாம். அவர் எழுந்து, கோலைத் தேடி, இங்கே வருவதற்குள்? கண் சரியாகத் தெரியாத ஒரு மனிதர் குரலை நம்பி ஏறிக்கொண்டிருக்கிறார். அவருடைய தோளைப் பிடித்தபடி அவர் மனைவி. விருந்தினர்கள். அவளுடைய விருந்தினர்கள். அவள் பக்கவாட்டில் திரும்பி உள்ளே நுழைந்தாள்.

இருபத்தாறு படிகள். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். செங்கல் தோளை உரசியது, மார்பை உரசியது. முகத்தில் ஒட்டடை எதுவும் படவில்லை. மூன்று பேர் முன்னால் போயிருக்கிறார்கள். டார்ச் மங்கி, மஞ்சளாகி, அணைந்தது. எட்டு. ஒன்பது. பன்னிரண்டு. உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. இந்த இருட்டில், இந்தக் கதகதப்பில், சுவரில் தலையைச் சாய்த்து, ஐந்து நிமிடம். மேலே யாரோ வேலையைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள். நன்றாகத்தான் பார்க்கிறார்கள். கண் சொக்கியது.

அவள் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டாள். பதின்மூன்று. பதினான்கு.

வெளியே வந்தபோது வானம் வெளுத்திருந்தது.

எவ்வளவு நேரம் உள்ளே இருந்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பனிமூட்டம், அதில் மூழ்கி நின்ற ஆயிரம் கோபுரங்கள், பனைமரத் தலைகள். கிழக்கு விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. குளிர்காற்றில் ஈரச் செங்கலின் மணம்.

ஐந்தாறு அடி முன்னால் மூ மூ நின்றாள். அவளுக்கு முன்னால் பா ஹான். அவருக்கு முன்னால் தரை இல்லை. உடைந்த செங்கல் பற்கள், அதற்கப்பால் நாற்பது அடிப் பள்ளம்.

அந்தப் பள்ளத்துக்கு மேலே அந்தக் குரலுக்குரியவள் நின்றாள்.

முதுகுதான் தெரிந்தது. பச்சை லுங்கி. கொண்டையில் மல்லிகை. தளத்தின் மட்டத்திலேயே, அங்கே இன்னும் தரை இருப்பதுபோல, சாவதானமாக ஒரு காலை மாற்றி நின்றாள்.

"இன்னும் ரெண்டடி வாங்கண்ணே. இங்கேருந்துதான் நல்லாத் தெரியும்."

"அண்ணே!" யின் நூ பாய்ந்தாள். கையில் சிக்கியது மூ மூவின் மணிக்கட்டு. "அக்கா, அவரைப் பிடிங்க! அங்க தரை இல்ல!"

மூ மூ திரும்பினாள். யின் நூவை மேலும் கீழும் பார்த்தாள். தூசி படிந்த முகம், குழி விழுந்த கண்கள், கிழிந்த ரவிக்கைத் தோள். மூ மூவின் முகத்தில் அடையாளம் தெரிந்ததற்கான குறியே இல்லை. பயம் மட்டும் இருந்தது.

"யாரும்மா நீ?"

"நான்தான்க்கா. யின் நூ. உங்களைக் கூட்டிட்டு வந்தவ."

"எங்களைக் கூட்டிட்டு வந்தவ அங்க நிக்கறா."

பா ஹான் காலை எடுத்து வைத்தார்.

யின் நூ கண்களை மூடிக்கொண்டாள். சத்தத்துக்காகக் காத்திருந்தாள். செங்கல் சரியும் சத்தம். அலறல். கீழே முட்செடிகள் முறியும் சத்தம்.

எதுவும் கேட்கவில்லை.

கண்களைத் திறந்தாள். சூரியன் மேலே வந்துவிட்டது. சிவப்பாக, பெரிதாக, கண் கூசாமல். அதற்கு நேராக, பனிமூட்டத்துக்கு மேலே, மரங்களின் உச்சிக்கு மேலே, இரண்டு பேர் மெதுவாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். பச்சை லுங்கிக்காரி இடது பக்கம் ஒரு கோபுரத்தைக் காட்டினாள். வலது பக்கம் ஒன்றைக் காட்டினாள். பா ஹான் வெறுங்காலோடு அவள் பக்கத்தில் நடந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையாட்டிக்கொண்டு. அவள் குரல் தெளிவாகக் கேட்டது. யின் நூ ஒருநாளும் சொல்லாதவை, யின் நூவுக்குத் தெரியாதவை. இந்தக் கோயிலைக் கட்டிய பெண்ணின் பெயர். அவள் மண்ணுக்கடியில் எங்கே படுத்திருக்கிறாள். அவளோடு யார் யார்.

முப்பதடி போனதும் பா ஹான் நின்றார். திரும்பினார். வாய் நிறையச் சிரித்தார்.

"வாடி," என்றார். "எல்லாம் தெரியுது."

மூ மூவின் மணிக்கட்டு யின் நூவின் பிடிக்குள் அசைந்தது. முதலில் மெதுவாக. பிறகு முழு பலத்தோடு. யின் நூ இரண்டு கைகளாலும் பிடித்தாள். குதிகால்களைத் தரையில் ஊன்றினாள். ஈரச் செங்கலில் பாதங்கள் ஒரு விரற்கடை சறுக்கின. இன்னொரு விரற்கடை.

சூரியனுக்கு முன்னால் நின்றவள், பேச்சை நிறுத்தி, இரண்டு மூச்சு பொறுத்து, மெல்ல யின் நூவின் பக்கமாக முகத்தைத் திருப்பத் தொடங்கினாள்.