படம் முடியட்டும்

சத்தத்தை முழுவதும் குறைத்த பிறகும் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் யாரோ தட்டுவது நிற்கவில்லை.

ஜோசபின் குமிழை மறுபடி திருகிப் பார்த்தாள். அது ஏற்கெனவே கடைசிவரை திரும்பியிருந்தது. மாலை நான்கு மணிக்கே சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் வட்டாரம் மழையில் இருட்டிக் கிடந்தது. ஒன்பதாம் மாடி ஜன்னல்களில் நீர் வழியும் ஓசைக்கும், வீடியோ பெட்டிக்குள் நாடா சுழலும் முனகலுக்கும் அடியில், மெல்ல, இடைவெளி விட்டு, டொக்... டொக்... என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

திரையில் அந்த ஜப்பானிய இரும்பு ராட்சசன் ஊமையாக நடந்துகொண்டிருந்தான். அவள் கணவன் அருளானந்தம் துவாஸுக்கு வேலைக்குக் கிளம்பும்போது கேசட்டைக் கையில் திணித்துவிட்டுப் போயிருந்தான்.

"சின்ன வயசுல நீ பார்த்த ரோபோ கார்ட்டூன் லா. கடை கடையா அலைஞ்சு எடுத்தேன். உன் தம்பி ஞாபகம் வரும்ல?"

"வரும்" என்று மட்டும் சொன்னாள்.

தம்பி இயேசுதாசன் இறந்து பன்னிரண்டு வருடமாகிறது. எழுபத்தைந்தில் அவனுக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. தேக்காவில் அவர்கள் குடியிருந்த வீட்டின் பின்சந்தில் யாரோ தூக்கிப் போட்ட பழைய ஃபிரிட்ஜ் ஒன்று கிடந்தது. ராட்சசனின் நெஞ்சுக் கதவைத் திறந்து ஏறி அவனை ஓட்டுகிற வீரனாக வேண்டும் என்பதுதான் தம்பியின் ஓயாத ஆசை; அந்த ஃபிரிட்ஜ்தான் அவர்களுக்கு ராட்சசன்.

"ஏறிக்கோடா" என்று அவள்தான் கதவைச் சாத்தினாள். வெளித்தாழ் விழுந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு ஜரீனா அக்கா, "ஜோசபின், டிவியில படம் போட்டாச்சு!" என்று கூப்பிட்டாள். ஓடினாள்.

அவனாகவே ஏறி மாட்டிக்கொண்டான் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். போலீஸ்காரரிடம் அவள் சொன்னதும் அதுதான். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம்கூட அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

ஆனால் அவள் அவனை மறந்துபோய்விடவில்லை. படம் பாதியில் ஓடும்போது, ஜரீனா அக்கா வீட்டுப் பின்ஜன்னல் வழியே அவன் தட்டுவது அவள் காதில் விழுந்தது. படம் முடியட்டும், போய்த் திறக்கலாம் என்று நினைத்தாள். எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

படம் முடிந்து அவள் பின்சந்துக்கு ஓடியபோது தட்டல் ஓய்ந்திருந்தது. கதவைத் தொட அவளுக்குத் துணிவு வரவில்லை. இருட்டிய பிறகு தேடி வந்த அம்மாதான் திறந்தாள்.

டொக். டொக். டொக்.

ஜோசபின் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. நாடா நின்றது.

தட்டல் நிற்கவில்லை. வேகமெடுத்தது.

பெட்டியின் காற்றுத் துளைகளிலிருந்து ஒரு வாடை கசிந்தது. துரு. பழைய ரப்பர். சின்னப் பிள்ளையின் வியர்வை.

"தாசா?"

நின்றது.

மழையும் நின்றுவிட்டதைப் போலிருந்தது. பிறகு, தடித்த சுவருக்கு அப்பாலிருந்து வருவதைப் போல, ஒரு குரல்.

"அக்கா, படம் முடிஞ்சிருச்சா?"

அவள் காற்றுத் துளைகளில் வாயை வைத்தாள்.

"முடிஞ்சிருச்சுடா."

"அப்ப திற."

இந்த முறை அவள் தாமதிக்கவில்லை. பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பக்கங்களைத் தடவினாள். பின்புறத்தைத் தடவினாள். விளிம்புகளில் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். நகம் பெயர்ந்தது. இரத்தம் கசிந்தது. மறுபடி நெம்பினாள்.

கதவே இல்லை.

"அக்கா..."

கண்ணாடி உள்பக்கமாகப் பனி பூத்தது. பனியில் ஒரு சின்ன உள்ளங்கை பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒரு வாய்.

அகலத் திறந்தபடி. காற்றைத் தேடியபடி.