நடு சீட்டில் ஆளில்லை!

"தட்! தட்! தட்!"

விமானத்தின் டாய்லெட் கதவை அவன் தட்டிய வேகத்தில், வரிசையில் நின்றிருந்தவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

"ஏய்... உள்ள நீதானே? கதவைத் திற!"

உள்ளே 'உஸ்ஸ்ஸ்' என்று தண்ணீர் உறிஞ்சப்படும் சத்தம். தாழ்ப்பாள் நகர்ந்தது. கதவு இரண்டாக மடிந்து திறந்தது.

வெளியே வந்தது அவன் மனைவி இல்லை!

தாடி வைத்த ஒரு ஆசாமி. பெல்ட்டை இறுக்கிக்கொண்டே முறைத்தார்.

"ஏன் சார், இவ்வளவு அவசரம்னா வீட்லயே போயிட்டுக் கிளம்பியிருக்கலாமே?"

"ஸாரி சார்... என் ஒய்ஃபைக் காணோம்..."

"உள்ள ஒரு ஆள் திரும்பி நிக்கவே இடமில்லை. ரெண்டாவது ஆளுக்குச் சத்தியமா இல்லை!"

அவன் அடுத்த கதவுக்குத் தாவினான். காலி. அதற்கடுத்தது... அதுவும் காலி!

மருந்துக் கம்பெனியில் அவன் ரெப். டாக்டர்களின் வாசலில் டை கட்டிக் காத்திருந்து, சிரித்து, சாம்பிள் கொடுத்து, மறுபடி சிரிக்கிற உத்தியோகம். அந்தச் சிரிப்பு இப்போது முகத்தில் மருந்துக்கும் இல்லை.

வெளியே கொளுத்தும் வெயில். உள்ளே ஜன்னல் மூடிகளை எல்லாம் இறக்கிவிட்டு, செயற்கையாய் ஓர் இருட்டு. எகானமி வகுப்பின் குறுகலான நடைபாதையில் ரெப் பக்கவாட்டில் நடந்தான். நீட்டிய கால்கள். திறந்த வாய்கள். கழற்றிப் போட்ட ஷூக்களின் வாசம். கழுத்து வரை போர்வை இழுத்துக்கொண்ட ஒவ்வொரு பெண்ணையும் குனிந்து பார்த்தான்.

"என்னய்யா வேணும்?" என்றாள் ஒருத்தி.

"உங்களை இல்லைங்க..."

"அது தெரியுது. தள்ளி நில்லு!"

தொண்டை வறண்டது. மார்புக்குள் எதுவோ திமுதிமுவென்று ஓடியது.

வால் பக்கத்தில், திரைக்குப் பின்னால், விமானத்தின் சின்னச் சமையலறை. பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவியான பர்ஸர் அங்கே டிராலிக்குள் தட்டுகளைச் சொருகிக்கொண்டிருந்தாள்.

"மேடம், என் ஒய்ஃபைக் காணோம்!"

பர்ஸர் நிமிர்ந்தாள். "சார், நாம பறந்துக்கிட்டு இருக்கோம். நடுவழியில யாரையும் நாங்க இறக்கி விடறதில்லை."

"விளையாடாதீங்க மேடம்! எல்லா டாய்லெட்டும் பார்த்தாச்சு. பச்சை ஸ்வெட்டர்... ஒல்லியா இருப்பா..."

"மைக்ல கூப்பிடட்டுமா?"

"வேணாம்!"

கத்தியே விட்டான். உடனே குரலைத் தழைத்தான்.

"அதாவது... அவ கூச்ச சுபாவம். எல்லாரும் திரும்பிப் பார்த்தா அழுதுடுவா."

"உடம்புக்கு ஏதாவதா? பயணிகள்ல டாக்டர் இருந்தா வரச் சொல்றேன்."

"டாக்டரா... எதுக்கு டாக்டர்?"

"பொதுவாத்தான் கேட்டேன் சார். நீங்க போய் உக்காருங்க. நாங்க தேடறோம்."

உட்கார முடியவில்லை. இருந்தாலும் போனான்.

மூன்று சீட் வரிசையில் ஓரத்து சீட் அவனுடையது. நடு சீட் மனைவியுடையது. அங்கே பெல்ட்டின் இரண்டு முனைகளும் அனாதையாகக் கிடந்தன. அவளுடைய தட்டுப் பலகையில் காலி பிளாஸ்டிக் கப். அடியில் சிவப்பாய் ஒரு கறை. ஜன்னலோரத்தில் ஒரு பருத்த மனிதர் கண்ணுக்குப் பட்டை கட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

ரெப் அவரை உலுக்கினான்.

"சார்... சார்! என் ஒய்ஃப் எப்ப எழுந்து போனா?"

அவர் பட்டையை நெற்றிக்கு ஏற்றினார். "தெரியலைங்க. நடுவுல முழிச்சேன். பார்த்தா கைப்பிடி முழுசும் எனக்கே கிடைச்சிருந்துது. ஆஹா, யோகம்னு மறுபடி தூங்கிட்டேன்."

"அவ அந்த ஜூஸைக் குடிச்சாளா?"

"என்னது?"

"தக்காளி ஜூஸ் சார்... குடிச்சாளா, இல்லையா?"

அவர் இப்போது முழுசாக விழித்துக்கொண்டார்.

"ஆளைக் காணோம்ங்கறீங்க... ஜூஸை விசாரிக்கறீங்க?"

நியாயமான கேள்வி!

இனிமேலும் மறைத்துப் பிரயோஜனமில்லை. அந்த ஜூஸில், இதய நோய்க்கான மாத்திரைகளை மாவாய்ப் பொடித்து அவன்தான் கலக்கியிருந்தான். மனைவி டாய்லெட் போயிருந்த நேரம் பார்த்து!

இறங்கப் போகிற ஊரில், ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிற ஒருத்தி அவனுக்காகக் காத்திருக்கிறாள். விவாகரத்து என்று ஆரம்பித்தபோதெல்லாம் மனைவி சொன்ன பதில் ஒன்றுதான். "என் பொணத்தைத் தாண்டிப் போங்க மாமா!"

சரி, தாண்டிவிடலாம் என்று தீர்மானித்தான்.

இடமும் யோசித்துத்தான் பிடித்தான். கடலுக்கு மேலே செத்தால் எந்த ஊர் போலீஸ் வரும்? மனைவி குடிப்பாள். கண் சொருகும். கழுத்து வரை போர்வை. தூங்குகிறாள் என்று எல்லோரும் காலைத் தூக்கித் தாண்டிப் போவார்கள். விமானம் இறங்கியதும், "எழுந்திரு கண்ணு, ஊர் வந்தாச்சு" என்று தோளைத் தொடுவான். அப்புறம் ஒரு அலறல். அந்த அலறலைக்கூடக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்திருந்தான்.

ஆனால் அவள் குடிப்பதைக் கண்ணால் பார்க்கத்தான் தெம்பில்லை. காலாற நடக்கிறேன் என்று போனான். திரும்பி வந்தால் கப் காலி... சீட்டும் காலி! தன் பங்கு ஜூஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் காத்திருந்தான். வரவில்லை.

சீட்டில் செத்தால்தான் அது தூக்கம். யார் காலடியிலாவது விழுந்தால்... டாக்டர், ஊசி, பிழைத்தால் வாக்குமூலம்!

எழுந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். சட்டை முதுகோடு ஒட்டியது.

"சார்..."

பர்ஸர் பக்கத்தில் குனிந்து நின்றாள்.

"பின்னால வர்றீங்களா? உங்க ஒய்ஃப் கிடைச்சுட்டாங்க."

"உ... உயிரோடயா?"

"வேற எப்படி சார் கிடைப்பாங்க?"

சமையலறையை ஒட்டி, அலமாரி மாதிரி ஒரு குறுகலான கதவு. பர்ஸர் அதைத் திறந்தாள். உள்ளே ஆள் ஒடுங்கி ஏறுகிற படிக்கட்டு! நீண்ட பயணங்களில் பணிப்பெண்கள் முறை வைத்துத் தூங்குவதற்காக, பயணிகளின் தலைக்கு மேலேயே ஒளிந்திருக்கும் படுக்கை அறை.

படிகளில் முதலில் இரண்டு சாக்ஸ் கால்கள் தெரிந்தன. அப்புறம் பச்சை ஸ்வெட்டர்.

"மாமா!" கொட்டாவி விட்டாள் மனைவி. "எகானமி டிக்கெட்டுக்குக் கால் நீட்டிப் படுத்த ஒரே ஆள் நான்தான்."

ரெப் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"உனக்கு... ஒண்ணும் ஆகலையா?"

"எனக்கு என்ன ஆகணும்? உங்களுக்குத்தான் மூஞ்சி சுண்ணாம்பாட்டம் வெளுத்திருக்கு."

"நீ அந்த ஜூஸை..."

"அதைத்தான் சொல்ல வந்தேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு ஒரு வாய் தண்ணி எடுத்துக் குடுத்ததில்லை நீங்க. நான் காய்ச்சல்ல சுருண்டு கெடந்தப்ப, 'காபி எங்கே'ன்னு கேட்ட மனுஷன். இன்னிக்கு என்னடான்னா ஸ்ட்ரா போட்டு, 'குடி கண்ணு'ன்னு நீட்டறீங்க. எனக்குக் குலை நடுங்கிடுச்சு மாமா!"

"அ... அதுக்கு?"

"அதான்... நீங்க நடக்கப் போனதும் ரெண்டு கப்பையும் இடம் மாத்தி வெச்சுட்டேன்."

விமானம் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. ரெப் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

ஒரே மடக்கில் குடித்தது... அந்தக் கப்பையா?

"என்ன மாமா? நல்ல ஜூஸ்னா யார் குடிச்சா என்ன?"

திரையை விலக்கிக்கொண்டு ஜன்னலோர மனிதர் வந்தார். பர்ஸர் கண்ணைக் காட்ட, ரெப்பின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இவர் டாக்டர்" என்றாள் பர்ஸர்.

"பல் டாக்டர்தான். ஆனா நாடி எல்லாருக்கும் இங்கதானே இருக்கு? அடேயப்பா... ரேஸ் குதிரை தோத்துடும்!"

"சார்" என்றாள் பர்ஸர், கையில் அவசர மருந்துப் பெட்டியோடு. "கீழே தரையில இருக்கற டாக்டரோட கேப்டன் பேசிக்கிட்டு இருக்கார். ஜூஸ்ல என்ன இருந்துதுன்னு சொன்னாத்தான் என்ன குடுக்கறதுன்னு அவர் சொல்ல முடியும்."

"ஒண்ணும் இல்லை! நான் எதுவும் கலக்கலை!"

"அப்ப சரி. போய் உக்காருங்க."

பெட்டியை 'டக்' என்று மூடினாள்.

அந்த 'டக்' அவன் நெஞ்சில் விழுந்தது. இடது கை மரத்த மாதிரி... கண்ணுக்கு முன்னால் மஞ்சளாய் ஏதோ மிதக்கிற மாதிரி...

"மேடம்! மூடாதீங்க! சொல்றேன்... எல்லாத்தையும் சொல்றேன்!"

சொன்னான். மாத்திரையின் பெயரைச் சொன்னான். சாம்பிள் பையிலிருந்து திருடியதைச் சொன்னான். கரண்டியின் முதுகால் நசுக்கியதை, கப்பில் தட்டியதை, கிளினிக்காரியை... ஒன்று விடாமல் சொன்னான். முதலில் வாய் உலரும், அப்புறம் பார்வை மஞ்சளாகும், அப்புறம் துடிப்பு தாறுமாறாகி நின்று போகும் என்று வரிசையாக ஒப்பித்தான். பர்ஸரின் கையில் செல்போன் அத்தனையையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"மருந்து... குடுங்க மேடம்... செத்துடுவேன்!"

பர்ஸர் ஒரு டம்ளரை நீட்டினாள். கடகடவென்று குடித்தான்.

"இ... இது என்ன மருந்து?"

"தண்ணி சார்."

"என்னது?!"

பர்ஸர் ஐஸ் டிராயரை இழுத்தாள். உள்ளிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தாள். வாய் வரை சிவப்பு!

மனைவி ஸ்வெட்டர் கையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"கப்பை எல்லாம் நான் மாத்தவே இல்லை மாமா. என் ஜூஸை இந்த பாட்டில்ல ஊத்திக்கொண்டாந்து, பயமா இருக்குன்னு இவங்ககிட்ட குடுத்துட்டேன். உங்க வயித்துல இருக்கறது வெறும் தக்காளிதான்!"

"அப்ப... இந்தப் படபடப்பு? வேர்வை?"

"பயம்" என்றார் பல் டாக்டர். "அதுக்கு உங்க கம்பெனி இன்னும் மாத்திரை போடலை."

"கடலுக்கு மேலேன்னாலும் விமானத்துக்குன்னு ஒரு நாடு இருக்கு சார்" என்றாள் பர்ஸர், பிளாஸ்டிக் பட்டையால் அவன் மணிக்கட்டுகளை இறுக்கிக்கொண்டே. "இறங்கற இடத்துல வாசல்லயே போலீஸ் நிக்கும்."

ரெப் மனைவியைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

அவள் முந்திக்கொண்டாள்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல, ஒரு மருந்தோட பக்க விளைவை மறைக்காம சொன்னது இதான் முதல் தடவை மாமா... கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்!"