மிச்சம் நான்கு பைட்

கணினியின் நினைவகத்தை ஆளும் கெர்னல் என்ற மைய நிரலிடம் அவள் அறுபத்து நான்கு பைட் தரவு கேட்டாள். அது அறுபதை ஒழுங்காக நிரப்பிவிட்டு, கடைசி நான்கைத் துடைக்காமல் அப்படியே நீட்டியது. கழுவாத டம்ளரில் தண்ணீர் கொடுப்பது மாதிரி. நினைவகத்தில் முன்பு கிடந்த ஏதோ அந்த நான்கில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்துவிடும். இப்படிக் கசிகிற இடங்களைக் கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்றே பெயர். வழக்கமாகக் குப்பைதான் வரும். இன்று 03.1 என்று வந்தது.

அடுத்த முறை 11.6.

அவள் சோதித்துக்கொண்டிருந்தது, தான் தனியாக உட்கார்ந்திருந்த சர்வர் அறையின் கதவை ஆளும் கணினியை. வெளியே போக இரண்டு கண்ணாடிக் கதவுகள், நடுவில் ஒரு குறுகிய கூண்டு, தரையில் எடைப் பலகை. காலையில் நுழைந்தவரின் எடையே மாலையிலும் காட்டினால்தான் வெளிக்கதவு திறக்கும். காலையில் அவள் 58.2 கிலோ. கசிந்து வந்த எண்களும் எடை மாதிரியே இருந்தன. கூண்டை எட்டிப் பார்த்தாள். காலி. இன்டர்காமில் காவலரைக் கேட்டாள்.

"கூண்டுல யாராவது நிக்கிறாங்களாண்ணா?"

"யாரும் இல்லம்மா. உள்ள நீங்க மட்டுந்தான்."

மின்விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், சூடேறிய தூசியின் வாடைக்கு நடுவே, யாரோ பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி நிற்பதுபோல் பலகை மெல்ல முனகுவது காதில் விழ, அவள் கெர்னலிடம் மறுபடி கேட்டாள். 27.4. கணினியின் வயரைப் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் செருகினாள். 40.9. கைப்பேசியோ வெளியே பெட்டகத்தில். "கூப்பிட வர்றோம், இன்னைக்காவது அஞ்சரைக்கு வெளிய வந்துடு, பாப்பா அழுதா நான் பொறுப்பில்ல" என்று கணவன் காலையில் சொல்லியிருந்தான். மணி ஐந்து இருபத்தைந்து.

51.7 வந்ததும் அவளுக்குத் தைரியம் போய்விட்டது. திருத்தத்தை அவசரமாக எழுதினாள்: கொடுக்கும் முன் பூஜ்யத்தால் துடை. நான்கு பைட்டை மட்டும் துடைத்திருக்கலாம். பயத்தில் மொத்தத்தையும் துடைத்தாள். அவளுடைய காலை எடைப் பதிவும் அதில்தான் இருந்தது.

00.0.

அப்பாடா என்றிருந்தது. பையைக்கூட எடுக்காமல் கூண்டுக்குள் ஓடினாள். உட்கதவு முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டது. பலகையைப் பார்த்தாள்.

00.0.

குதித்தாள். 00.0. ஆளே இல்லாத எடைக்கு வெளிக்கதவு அசையவில்லை. உட்கதவும்தான். இன்டர்காம் அறைக்குள் இருந்தது. வெளிக்கண்ணாடிக்கு அப்பால் வரவேற்பறை, சோபாவில் கணவன், மடியில் பாப்பா. தட்டினாள். ஓங்கித் தட்டினாள். காவலர் நிமிரவில்லை.

காலடியில் எண் நகர்ந்தது.

12.0. 33.5. அவள் மூச்சை அடக்கினாள். இன்னொரு மூச்சு அடங்கவில்லை.

58.2.

வெளிக்கதவு திறந்தது. அவள் தோளை உரசிக்கொண்டு ஏதோ வெளியே போனது. அவள் பின்னாலேயே பாய்ந்தாள். முகத்தில் கண்ணாடி மோதியது.

அந்தப் பக்கம் அவளுடைய நீலப் பை. அவளுடைய பின்னல். காவலர் எழுந்து ஏதோ சொல்ல, அது தலையசைத்தது. கணவன் கடிகாரத்தைக் காட்டிச் சிரித்தான். பாப்பாவை அதன் கையில் கொடுத்தான்.

அவர்கள் வாசலைத் தாண்டினார்கள். அதன் தோளுக்கு மேலிருந்து பாப்பா கூண்டை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டி, வாய் பிளந்து அழுதுகொண்டே போனாள். கண்ணாடி சத்தத்தை விடவில்லை.