பல்வலிக்கு ஒரு வாக்குமூலம்

பல் கிளினிக்கில் அலறல் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அன்றும் அப்படித்தான். வெளியே காத்திருந்தவர்கள் வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஐயோ...! யாராவது வாங்களேன்...! டாக்டர் என் மேல விழுந்துட்டாரு...!"

இது புதுசாக இருந்தது!

நர்ஸ் ஓடினாள்.

நாற்காலியில் ஒரு பெண்மணி. அவள் மடியில் குப்புற விழுந்து கிடந்தார் பல் டாக்டர். கையுறையைக் கூடக் கழற்றவில்லை. நர்ஸ் அவரைப் புரட்டினாள். கண்ணின் வெள்ளை முழுக்க... மஞ்சள்!

ஆஸ்பத்திரியில் பல் டாக்டர் கண் விழித்தபோது வலது விலாவுக்குக் கீழே யாரோ செங்கல்லை வைத்துத் தைத்தது போலிருந்தது. கட்டிலருகே அவர் மனைவி. காலருகே கல்லீரல் டாக்டரம்மா, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு.

"வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா?"

"ஆமா, பல்வலி, டாக்டர்."

"பல் டாக்டருக்கா?"

"எங்களுக்கும் பல்லு இருக்கே!"

"இன்னொரு பல் டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"பயம்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "என்னென்ன மாத்திரை?"

"பல்லுக்கு ஒண்ணு. ஜலதோஷத்துக்கு ஒண்ணு. தலைவலிக்கு ஒண்ணு. மூணும் வேற வேற கம்பெனி."

"உள்ள இருக்கறது ஒரே மருந்து. பாராசிட்டமால். நாள் கணக்கா மூணு பக்கத்துலேர்ந்தும் முழுங்கியிருக்கீங்க. கல்லீரல் வெந்து போயிருக்கு. இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். பேஷண்டுங்களுக்குச் சொல்லுவேன்."

"முறிவு மருந்து ஏத்திட்டிருக்கோம். கல்லீரல் நல்ல உறுப்பு. கொஞ்சம் மிச்சம் இருந்தாக்கூட தானே வளர்ந்துக்கும். ஆனா..."

"ஆனா...?"

"ரத்தம் உறையற சக்தி குறைஞ்சுட்டே போகுது. அது நிக்கலைன்னா வேற ஒருத்தர் கல்லீரலை வைக்கணும். கிடைக்கலைன்னா... பார்ப்போம்."

மருத்துவர்கள் 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தம் என்று பல் டாக்டருக்குத் தெரியும். அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மாத்திரை கேஸ்னா ஆஸ்பத்திரியிலேர்ந்து எங்களுக்குப் போன் வரும். யாராவது கலந்து கொடுத்தாங்களா?" பார்வை மனைவியின் பக்கம் போய்த் திரும்பியது.

"நானேதான் முழுங்கினேன் சார்."

"உங்க மச்சான் காணாமப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அவரும் உங்க கிளினிக்லதான் வேலை பார்த்தாரு. இப்ப நீங்க. கேக்க வேண்டியது என் கடமை."

"காணாமல்லாம் போகலை. என்கிட்ட கோவிச்சுக்கிட்டு வெளிநாடு போயிட்டான்."

மனைவி போர்வையை இழுத்துச் சரி செய்தாள். தன் அண்ணனைப் பற்றிய பேச்சு வந்தால் அவள் ஏதாவது ஒன்றைச் சரி செய்வது வழக்கம்.

அதற்கப்புறம் எல்லாம் வாந்தியும் சொட்டுச் சொட்டாக இறங்கும் மருந்தும்தான். மூளை குழம்புகிறதா என்று பார்க்க டாக்டரம்மா வரும்போதெல்லாம் கிழமை கேட்டாள். அவர் சரியாகச் சொன்னார். அசந்து தூங்கினார்.

கண் விழித்தால்... எதிரே மனைவி. அழுது வீங்கிய முகம்.

"என்னடி?"

"டாக்டருங்க கைவிட்டுட்டாங்க."

அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் எவ்வளவு நேரம்...?"

"தெரியலைங்க. மனசுல ஏதாவது இருந்தா சொல்லிடுங்க. பாரத்தோட போகாதீங்க."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையின் சூடு அவரை உடைத்தது.

"உங்கண்ணன் வெளிநாடு போகலை."

"அப்புறம்...?"

"ஊசி மருந்தை அளவு தப்பாப் போட்டு ஒரு பேஷண்டைக் கொன்னுட்டேன். போலீஸ்ல சொல்லிடறேன்னு கிளம்பினான். படியில பிடிச்சுத் தள்ளினேன். மண்டையில அடி. அப்பவே போயிட்டான்."

"எங்கண்ணன் எங்க?" அவள் குரல் ஆடவில்லை.

"எக்ஸ்ரே ரூம் தரைக்கடியில. நான்தான் டைல்ஸ் மாத்தினேன்... மன்னிச்சுடு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலை மறைத்த திரை விலகியது. இன்ஸ்பெக்டர்! கையில் ரெக்கார்டிங் ஓடும் செல்போன்!

பல் டாக்டர் வாயைப் பிளந்தார். சொத்தைப் பல் தெளிவாகத் தெரிந்தது.

"பரவாயில்லை சார்," என்றார். "சாகப் போறவனை என்ன பண்ணிடுவீங்க?"

கதவு திறந்தது. டாக்டரம்மா உற்சாகமாக உள்ளே வந்தாள்.

"முழிச்சுட்டீங்களா? காலையிலேயே உங்க மனைவிகிட்ட சொல்லிட்டேனே! ரத்தம் உறையறது சரியாகிட்டு வருது, வீக்கம் வடியுது. கல்லீரல் பிரமாதமா தேறிட்டிருக்கு. நீங்க எண்பது வயசு வரைக்கும் இருக்கலாம்!"

"இருக்கட்டும்," என்றார் இன்ஸ்பெக்டர். "இடம் நாங்க தர்றோம்."

பல் டாக்டர் மனைவியின் பக்கம் மெல்லத் திரும்பினார்.

"உனக்கு... எப்படி...?"

"தூக்கத்துல 'மச்சான், மன்னிச்சுடு'ன்னு விடிய விடியப் புலம்புனீங்க. வெளிநாட்டுல இருக்கறவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்னா போன் பண்ணலாமே, ஏன் அழணும்னு தோணுச்சு."

"அடிப்பாவி! டாக்டருங்க கைவிட்டுட்டாங்கன்னு பொய் சொன்னியேடி!"

அவள் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். விலகிக் கிடந்த போர்வையை இந்தத் தடவை சரி செய்யவில்லை.

"கைவிட்டது நிஜம்தாங்க. ஆளைத்தான் மாத்திச் சொல்லிட்டேன். டாக்டர் விடலை... நான் விட்டுட்டேன்!"