பாலத்தின் மேல் ஒரு புடைப்பு

வெள்ளிக்கிழமை காலை தூசி துடைக்கும்போதுதான் வித்யாலக்ஷ்மியின் விரலில் அது தட்டுப்பட்டது. பித்தளைத் தகட்டில், பாலத்தின் நடுவில், நேற்று வரை இல்லாத ஒரு புடைப்பு. கடுகளவு.

உள்ளங்கையில் அடங்கும் தகடு. ஆறு, கல்பாலம், கரையில் நெட்டை மரங்கள், தூரத்தில் ஓட்டு வீடு ஒன்று. ஒவ்வொன்றையும் பின்னாலிருந்து தட்டித் தட்டி முன்னால் புடைக்க வைத்து, அதன்மேல் மெல்லிய தூரிகையால் வண்ணம் பூசியிருந்தான் எவனோ ஒரு பிரெஞ்சுக்காரன். பேங்கிலிருந்து ரிட்டயரான கையோடு அவள் கணவர் பத்மநாபன் அதை ஏலத்தில் எடுத்துவந்து பாலிகஞ்ச் ஃப்ளாட்டின் ஹாலில் மாட்டினார். எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். முதல் வாரம் சாப்பிடவாவது எழுந்து வந்தார். அடுத்த வாரம் தட்டை அங்கேயே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. இந்த வாரம் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, ரிட்டயரானவர்களுக்குக் கொஞ்ச நாள் இப்படித்தான் இருக்கும் என்றார். பெங்களூரிலிருக்கும் மகளும் அதையே சொன்னாள். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணின மனுஷனை ஒரு தகரத்துண்டு கண்ணெதிரே கொண்டுபோகிறது, இவர்கள் எல்லாரும் சமாதானம் சொல்கிறார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன்னா, இதுல யாரு புதுசா?" என்றாள். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

மத்தியானம் வானம் கறுத்துக் கால்பைசாகி, அந்த ஊர்க் கோடைப் புயல், வீசத் தொடங்கியது. ஜன்னல்கள் அடித்துக்கொண்டன, கரண்ட் போயிற்று. ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தவள் மூக்கில், மூடிய ஹாலுக்குள், ஆற்றுச் சேற்றின் வாடை ஏறியது; ஈர இலையும் குளிர்ந்த கல்லும் கலந்த, அவள் அறியாத ஏதோ ஊரின் வாடை. புடைப்பு இப்போது மிளகளவு. அதற்கு லேசாகக் கூனின முதுகு இருந்தது, அரைக்கை உடுப்பு இருந்தது, கால் இருந்தது. வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தது.

இவன்தான். அந்த வீட்டுக்கு அவரை வாவா என்று கூப்பிடுகிறவன் இவன்தான்.

தகட்டைச் சுவரிலிருந்து பிடுங்கித் திருப்பினாள். புடைப்புக்கு நேர் பின்னால் ஒரு குழி. விரலை வைத்தாள். சுட்டது, ஜுரக்காரன் கழுத்தைத் தொட்டாற்போல. பயப்பட வேண்டிய நேரம்தான். ஆனால் வந்தது கோபம், மூன்று வாரமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த அத்தனையும்.

"என் ஆத்துக்காரர விடுடா" என்றாள்.

சமையலறையில் விளக்கு தேய்க்க ஊறவைத்த புளி இருந்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். வானம் போயிற்று. மரம் போயிற்று. ஆறு பழுப்பாக ஸிங்க்கில் வழிந்தது. புடைப்பு மட்டும் போகவில்லை. தகட்டை மேடையில் வைத்து, இஞ்சி நசுக்கும் கல்லை அதன்மேல் ஊன்றி, முழு பாரத்தையும் போட்டு அழுத்தினாள்.

தட்டையாயிற்று.

ஹாலில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நாற்காலி கிறீச்சிட்டது.

ஓடினாள். அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார், ஜன்னல் பக்கம் பார்த்து, முதுகைக் காட்டிக்கொண்டு. லேசாகக் கூன் விழுந்த தோள். அரைக்கை பனியன்.

சற்றுமுன் கல்லுக்கடியில் நசுங்கியதும் அதே தோள், அதே பனியன்.

"ஏன்னா?"

திரும்பினார்.

கண் இருந்த இடத்தில் தோல். மூக்கு இல்லை. வாய் இல்லை. நெற்றியிலிருந்து மோவாய் வரை வழவழவென்று, தேய்த்துக் கழுவிய மாதிரி ஒரே பரப்பு. மின்னல் அதில் பளிச்சிட்டது.

பிறகு, உள்ளேயிருந்து, தகட்டைப் புடைக்க வைப்பதுபோல, யாரோ தட்டினார்கள்.

டக்.

தோல் புடைத்தது. இடது கன்ன எலும்பு. டக். புருவம். டக். டக். நிதானமாக, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக.

மூக்கு வந்தது. நீளமாக, கூராக.

அது அவருடைய மூக்கு அல்ல.