யாக்கோபு கப்பித்தானின் கடல்சீட்டு

அன்று காலை பழவேற்காட்டுக் கடலில் காற்றுக்குக் குறைவே இல்லை. கரையில் உலர்த்தியிருந்த லுங்கிகள் படபடத்தன. சவுக்குத் தோப்பு இரைந்துகொண்டிருந்தது. ஆனால் மீனோடு திரும்பி வந்த நாற்பத்திரண்டு படகுகளின் பாய்களும் முகத்துவாரத்துக்கு வெளியே நனைந்த சாக்குபோலத் தொங்கின. மீன் பாரத்தோடு துடுப்பை மட்டும் நம்பி நீரோட்டத்தை எதிர்த்து உள்ளே வரவும் முடியவில்லை. அவற்றுக்கும் காற்றுக்கும் நடுவில் 'செஞ்சிங்கம்' நின்றிருந்தது.

செஞ்சிங்கம் ஒரு டச்சுப் போர்க்கப்பல். பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் கட்டியது எப்படி இருந்திருக்குமோ, பலகைக்குப் பலகை அப்படியே இருந்தது. மூன்று பாய்மரங்கள், உட்பக்கம் சிவப்படித்த இரண்டு வரிசைப் பீரங்கி ஜன்னல்கள், தேர்போலச் செதுக்கிய பின்புறம், மூக்கில் பாயத் தயாராக ஒரு மரச்சிங்கம். பீரங்கிகள் சிமெண்டில் வார்த்தவை. பார்வைக்கு வைத்தவை, சுடாது. மேல்தட்டில் ஆள் நடமாட்டமே கிடையாது. கயிறு இழுக்கவும் பாய் சுருட்டவும் அறுபத்து நான்கு இயந்திரக் கைகள் இருந்தன. பாய்க்கைகள் என்று அவற்றுக்குப் பெயர்.

கிழக்குக் கரை காற்றுக்கப்பல் கழகத்தின் மனப்படிப் பொறியாளர் மரகதவல்லி எண்ணூரிலிருந்து வந்து சேர்ந்தபோது மணி ஒன்பது. கரையில் ஒரு படகு காத்திருந்தது. அதில் மீனவர் சங்கத் தலைவர் தேசப்பனும் அவருடைய அக்கா அஞ்சலாட்சியும் இருந்தார்கள். அஞ்சலாட்சி மீன் ஏலம் போடுகிறவள். ஒலிபெருக்கி அவளுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை.

"இன்னா மேடம்," என்றார் தேசப்பன், துடுப்பை வலித்துக்கொண்டே. "ஒங்க கப்பலு எங்க காத்தத் திருடிக்கினு நிக்குது?"

"பேசிப் பார்க்கலாங்க."

"எறா எல்லாம் வெயில்ல வேவுது. சீக்கிரம் பேசு," என்றாள் அஞ்சலாட்சி.

மரகதவல்லி கப்பலை நிமிர்ந்து பார்த்தாள். தவறு எங்கே என்று அவளுக்குத் தெரியும். செய்த கை அவளுடையதுதான்.

எண்ணெய்க் கப்பல்கள் நின்றுபோய்ப் பதினொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகம் மறுபடி பாய் கட்டத் தொடங்கியபோதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது: காற்றைக் கணக்கிட எந்தக் கணினிக்கும் தெரிந்தது, காற்றோடு வாழ ஒன்றுக்கும் தெரியவில்லை. கணக்கு முடிவதற்குள் கப்பல் தரை தட்டிவிடும். அப்போதுதான் மனப்படி வந்தது. காற்றை நம்பியே உயிர் வாழ்ந்த ஒரு மனிதனின் நாட்குறிப்புகளை எடுத்து, அவன் எப்போது என்ன பார்த்தான், பார்த்ததும் என்ன செய்தான் என்று பிரித்து, அவன் யோசிக்கும் விதத்தை ஒரு பெட்டிக்குள் மீண்டும் கட்டியெழுப்புவது. யாக்கோப் வான் ரெய்ன்ஸ்பர்க் என்ற டச்சுக் கப்பித்தான் முப்பத்தொரு ஆண்டுகள், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல், காற்றைப் பற்றி எழுதி வைத்திருந்தார். டச்சுக்காரர்களின் ஊரைச் சுற்றிலும் மணல்திட்டு. அதனால் அவர்கள் கப்பலின் வயிறு தட்டையாக இருக்கும், ஆழமில்லாத நீரிலும் போகும். பழவேற்காட்டு மணலுக்கும் அதுவே பொருந்தியது. யாக்கோபின் மனப்படி மூன்று ஆண்டுகளாகக் கொழும்புக்கு வெங்காயமும் ரங்கூனுக்குத் துணியும் கொண்டுபோனது. ஒருநாள்கூடத் தாமதமில்லை.

போன வாரம் கழக மேலாளர் பாலதண்டாயுதத்துக்கு ஒரு யோசனை உதித்தது. "பயணிகள் வந்து பேசுற மாதிரி ஆளை முழுசாக்கிடுங்க மேடம். காத்து மட்டும் பேசினா யார் கேப்பா?" ஆவணக் காப்பகத்தில் மிச்சமிருந்த யாக்கோபின் கடிதங்கள், உறுதிமொழிகள், மேலிடத்து உத்தரவுகள் அத்தனையையும் மரகதவல்லி பெட்டிக்குள் ஏற்றினாள். முழு மனிதர் வந்துவிட்டார்.

கப்பலின் மேல்தட்டில் கால் வைத்ததும் குரல் கேட்டது. யாக்கோபின் டச்சைத் தமிழாக்கும் பேச்சுமாற்றி, அவர் காலத்துத் தமிழ்க் கடிதங்களைப் படித்துத் தேறியது.

"அம்மணி, நமது கப்பலுக்கு வந்தமைக்குச் சந்தோஷம். உமது படகு பாயிறக்கி வணக்கம் பண்ணவில்லை. இம்முறை க்ஷமித்தோம்."

"கப்பித்தான், அவங்க மீன் பிடிக்கிறவங்க. வழி விடுங்க."

"சீட்டு?"

"என்ன சீட்டு?"

"இந்தக் கரையில் நமது கடல்சீட்டு இல்லாமல் எந்தக் கலமும் நடமாடலாகாது. அது உத்தரவு."

"அந்த உத்தரவு போட்டவங்க செத்து நானூறு வருஷம் ஆச்சுங்க!"

"உத்தரவு ரத்தானதாகக் கடிதம் வந்ததா?"

அப்படியொரு கடிதத்தை மரகதவல்லி ஏற்றவில்லை. யாரும் எழுதியதாகவும் தெரியவில்லை.

"சரி, அந்த எழவு சீட்டத்தான் குட்த்துத் தொலையேன்," என்றார் தேசப்பன்.

"நாம் தனியே கொடுக்க முடியாது. கப்பல் சபை கூடித் தீர்மானிக்க வேண்டும். கப்பித்தான் தன் இஷ்டப்படி நடக்க இதென்ன இங்கிலீஷ்காரர் கப்பலா?" குரலில் உண்மையான அருவருப்பு தெரிந்தது. "சபையில் ஐந்து ஸ்தானங்கள். வணிகர், துணை மாலுமி, பாய்த்தலைவர், பீரங்கித்தலைவர், வைத்தியர். ஐந்தும் காலி. தினமும் எட்டு மணிக்கு மணியடித்துச் சபை கூட்டுகிறோம். ஒருவரும் வருவதில்லை. மகா ஒழுங்கீனம்!"

மரகதவல்லி ஓரமாகப் போய் மேலாளரை அழைத்தாள்.

"பெட்டியைக் கழட்டிடுங்களேன்," என்றார் அவர்.

"இப்போ முடியாது சார். பாய் விரிச்சிருக்கு. கழட்டினா கப்பல் நேரா படகுங்க மேல போகும், இல்லன்னா மணல்ல ஏறும். நங்கூரம் போட்டு, பாய்க்கையெல்லாம் கட்டின அப்புறந்தான் கழட்டணும். நங்கூரம் போட அவர் சம்மதிக்கணும்."

"அப்போ அவரைச் சம்மதிக்க வைங்க. சாயந்திரம் அமைச்சர் ஆபீஸ்ல கேப்பாங்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். நாற்பத்திரண்டு படகுகள். சில படகுகளில் மீன்மேல் ஈரச்சாக்கைப் போட்டு, அதற்குமேல் தங்கள் சட்டையையும் கழற்றிப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு வழி தோன்றியது.

"கப்பித்தான், ஸ்தானங்களை இப்பவே நிரப்பினா?"

"தகுதி இருக்க வேண்டும்," என்றார் யாக்கோபு. "அந்த மீசைக்காரர் சொல்லட்டும். இன்னும் ஒரு நாழிகையில் காற்று எங்கே போகும்?"

தேசப்பன் கடலைப் பார்த்தார். தூரத்தில் நீரின் நிறம் மாறுகிற இடத்தைக் கண்ணை இடுக்கிப் பார்த்தார். "தெக்கால திரும்பும். திரும்பறதுக்கு முன்ன ஒரு தபா சும்மா நிக்கும்."

"ஆகா!" என்றது குரல். மூன்று ஆண்டுகளில் அவர் மகிழ்ந்து மரகதவல்லி கேட்டதில்லை. "சும்மா நிற்கும் என்றும் சொன்னாரே! துணை மாலுமி!"

கரைக்குப் படகு போய் ஆட்களைக் கூட்டி வந்தது. மற்றதெல்லாம் மளமளவென்று நடந்தது. ஏலம் போடுவதால் அஞ்சலாட்சி வணிகர். மாரியம்மன் திருவிழாவில் வாணம் விடும் எட்டியப்பன் பீரங்கித்தலைவர். பாய் தைக்கும் கஜபதி பாய்த்தலைவர். கத்தி பிடிக்கத் தெரிந்தவரே வைத்தியர் என்று கப்பித்தான் விளக்கியதால், சந்தையில் மீன் வெட்டித் தரும் கோதாவரி அந்த ஸ்தானத்தில் அமர்ந்தாள். ஐவரும் மரச்சிங்கத்தின் பெயரால் சத்தியம் செய்தார்கள். ஐந்து கைகள் உயர்ந்தன. மனப்படிப் பெட்டியருகே இருந்த அச்சுப்பொறி சிங்க முத்திரையோடு நாற்பத்திரண்டு சீட்டுகளைத் துப்பியது. செஞ்சிங்கம் மெல்ல மூக்கைத் திருப்பிற்று. படகுகளின் பாய்கள் பட்டென்று விம்மின. போகிற போக்கில் ஒவ்வொரு படகும் பாயைப் பாதி இறக்கி வணக்கம் வைத்தது. சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள். கப்பித்தானுக்கு அது தெரியவில்லை.

சரக்கை வேறு கப்பல்களுக்கு மாற்றிவிட்டுச் செஞ்சிங்கத்தைப் பயணிகளுக்கென்று ஒதுக்கிய மேலாளர், மரகதவல்லிக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பினார். அவளும் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டாள். முழு மனிதரை அடக்க ஐந்து முழு மனிதர்கள் போதும் என்று அறிக்கையில் எழுதினாள்.

நாற்பது நாள் கழித்துப் புதுமணல்குப்பத்திலிருந்து ஒரு மனு வந்தது. பழவேற்காட்டுக்கு வடக்கே உள்ள சிறிய ஊர் அது. அந்த ஊர்க்காரர்களும் ஏரிக்குள் இறால் பிடிக்க அதே முகத்துவாரத்தின் வழியாகத்தான் வர வேண்டும். 'எங்கள் படகுகளுக்குக் காற்று கிடைக்கவில்லை' என்று எழுதியிருந்தார்கள்.

மரகதவல்லி கோபமாகக் கப்பலேறினாள். "கப்பித்தான், மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா?"

"அம்மணி," என்றது குரல், மிகத் தாழ்வாக. "எம்மை இங்கிருந்து மீட்டருளும்."

"என்ன?"

"நாம் கொழும்புக்குப் போகப் பிரேரணை வைக்கிறோம். ஐந்துக்கு ஒன்று, தோல்வி. ரங்கூனுக்குப் போகலாம் என்கிறோம். ஐந்துக்கு ஒன்று. முகத்துவாரத்தை விட்டு நகரக்கூடாதாம். சபையை மீறுவது எமது சத்தியத்துக்கு விரோதம். விதிகளைப் பாரும்."

அச்சுப்பொறியிலிருந்து ஒரு நீண்ட தாள் சுருண்டு வந்தது. புதுமணல்குப்பத்துக்காரர் செவ்வாயன்று மட்டுமே உள்ளே வரலாம். பாயைப் பாதியல்ல, முழுதும் இறக்க வேண்டும். அஞ்சலாட்சி மகள் கல்யாணத்துக்கு வராத ஏழு குடும்பங்களுக்கு மறு உத்தரவு வரும்வரை சீட்டு கிடையாது.

"நாம் கடின சித்தமுள்ளவர் என்று நமது மனைவியே எழுதியிருக்கிறாள்," என்றார் யாக்கோபு. "ஆயினும் செவ்வாய்க்கிழமை நமக்குத் தோன்றவேயில்லை."

மரகதவல்லி தீர்மானித்துவிட்டாள். அஞ்சலாட்சியிடம் ஆண்டுப் பராமரிப்பு என்று சொன்னாள். சபை கூடி நங்கூரம் போட ஒப்புக்கொண்டது. பாய்க்கைகளைக் கட்டினாள், பெட்டியைக் கழற்றினாள். சண்டை வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வரவில்லை. தேசப்பனே பெட்டியைத் தூக்கிப் படகில் வைத்துக் கொடுத்தார்.

"இது இல்லாம கப்பல் ஓடாதுங்க," என்றாள் அவள், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

"சரி மேடம். பார்த்துப் போங்க. ஒரு எளநி சாப்ட்டுப் போறது?"

நல்ல செய்தியை நேரில் சொல்ல அவள் புதுமணல்குப்பம் போனாள். அவர்கள் இரண்டு நாள் விடவில்லை. நண்டுக் குழம்பும் வஞ்சிரம் வறுவலுமாக விருந்து வைத்தார்கள். மூன்றாம் நாள் காலை அந்த ஊர்ப் படகு ஒன்றில் அவளைப் பழவேற்காட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். படகோட்டிக்குப் பெயர் சிங்காரவேலு. பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான். பெட்டி அவள் மடியில் இருந்தது. பேச்சுக்கு மட்டும் போதுமான மின்சாரம் அதில் மிச்சமிருந்தது. கப்பித்தான் வழியெல்லாம் அலையின் சத்தத்தைக் கேட்டு, "நல்ல காற்று, நல்ல காற்று," என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

முகத்துவாரம் தெரிந்தபோது பாட்டு நின்றது. பாய் ஒருமுறை நடுங்கித் தொங்கிவிட்டது.

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தாள். காற்றை மறைத்துக்கொண்டு செஞ்சிங்கம் நின்றிருந்தது. பாய்க்கைகள் கட்டியது கட்டியபடியே இருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் ஐம்பது அறுபது பேர், ஆணும் பெண்ணுமாக, கயிற்றைப் பிடித்து ஏலேலோ போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சுக்கானில் தேசப்பன். நாற்பது நாள் யாக்கோபின் பக்கத்தில் நின்றவருக்கு அதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

"தேசப்பன்!" அவள் பெட்டியை அணைத்துக்கொண்டு எழுந்து நின்று கத்தினாள். "கப்பித்தான் எங்கிட்ட இருக்காரு! இப்போ யாரு உத்தரவுல நிறுத்துறீங்க?"

"சபை ஓட்டுப் போட்ச்சி மேடம்," என்று பதில் வந்தது, மரியாதையாகவே. "அஞ்சுக்கு அஞ்சு."

"இது நானூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட உத்தரவு!"

மேல்தட்டின் விளிம்பில் அஞ்சலாட்சி வந்து நின்றாள். "ரத்து பண்ணி லெட்டர் வந்துச்சா?"

மரகதவல்லிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. சிங்காரவேலு அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பேசாமல் பாயை முழுதும் இறக்கினான். ஆனால் அன்று புதன்கிழமை.

பாய் சரிந்து விழுந்த சத்தம் அவள் கையிலிருந்த பெட்டிக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மணி," என்று யாக்கோபு கப்பித்தான் மெதுவாகக் கேட்டார், "நம்மிடம் சீட்டு இருக்கிறதா?"