கவிழ்த்து வைத்த ரொட்டி

ஞாயிறு மதியம் கேம்பர் வேன் மோர்வால் ஊருக்குள் நுழைந்தபோது, பேக்கரியில் ஒரே ஒரு ரொட்டிதான் மிச்சம் இருந்தது. அலமாரிக் கோடியில் கவிழ்ந்து கிடந்தது.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க ஐயா. ஒருத்தருக்கு எடுத்து வெச்சது," என்றாள் கடைக்காரி.

"யாரு, தலை வெட்டுறவனுக்கா? அவன் வேலை போயி எத்தனை காலமாச்சு!"

வேனை ஓட்டி வந்த கெய்தான் சிரித்தபடி ரொட்டியை எட்டி எடுத்துக்கொண்டு இரண்டு யூரோவை வீசினான். கடைக்காரி காசைத் தொடாமல் அவன் மனைவி ஓடீலையே பார்த்தாள்.

தண்டனைக் கைதிகளின் தலை வெட்டுபவனின் ரொட்டியை வேறு யாரும் தொடக் கூடாதென்று அந்தக் காலத்தில் கவிழ்த்து வைப்பார்கள். இன்றைக்கும் எங்கே ரொட்டி கவிழ்ந்திருந்தாலும், அவன் தேடி வந்துவிடுவான் என்ற பயத்தில் ஓடீலின் கை தானாக நிமிர்த்திவிடும். அதை வைத்தே முப்பத்தெட்டு வருடமாக அவளைக் குத்திக்காட்டிச் சிரித்தவன் கெய்தான். அவனெல்லாம் ஒரு மனுஷன்!

கோட்டை மதிலை ஒட்டி வேனை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவள் தட்டின் முன்னால் ரொட்டியைக் கவிழ்த்து வைத்தான். அவள் நிமிர்த்தினாள். மறுபடி கவிழ்த்தான். அவள் மறுபடி கை நீட்டியதும் கரண்டியால் விரல் முட்டியில் ஓங்கி அடித்தான்.

"வந்தான்னா உன்னையே கூட்டிட்டுப் போகட்டும்டீ. எனக்கும் நிம்மதி."

வெளியே படி கிறீச்சிட்டது.

வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நனைந்த இரும்பின் வாடை உள்ளே வந்தது.

"என் ரொட்டிய எடுத்தது யாருங்க?" குரல் மிகவும் மரியாதையாகக் கேட்டது.

கெய்தான் வெளிறிப்போய் அவளைக் கதவுப் பக்கம் தள்ளினான்.

"இவதான்! இவதான் எடுத்தா!"

கதவு தானாகத் திறந்தது. படியில் ஒருவரும் இல்லை. ஆனால் படி பாரத்தில் அமுங்கியிருந்தது. ஓடீல் இறங்கினாள். சில்லென்று ஏதோ அவள் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

கதவு மூடிக்கொண்டது.

"ஓடீல்..." திறந்த ஜன்னல் வழியாக அவன் கிசுகிசுப்பு வந்தது. "கை கால் அசைய மாட்டேங்குது. ரொட்டிய நிமுத்திடு. அங்கிருந்தே கை எட்டும். கண்ணு... என் கண்ணு இல்ல..."

கண்ணு! முப்பத்தெட்டு வருடத்தில் முதல் தடவை.

ஜன்னலுக்குள் கை விட்டாள். விரல் முட்டி இன்னும் வலித்தது. ரொட்டியை மெல்ல நகர்த்தி அவன் தட்டின் முன்னால் வைத்தாள்.

கவிழ்ந்தபடியே.

ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது.

மாரடைப்பு என்றார் டாக்டர். கழுத்தைச் சுற்றியிருந்த மெல்லிய சிவப்புக் கோட்டுக்கு, சட்டைக் காலர் இறுக்கியிருக்கும் என்று காரணம் சொன்னார்.

ஏழு வாரம் கழித்து ஓடீல் தனியாக வேறொரு கோட்டைக்கு வண்டி ஓட்டிப் போனாள். இவ்வளவு நிம்மதியாக அவள் எந்த ஊரையும் பார்த்ததில்லை. மதியம் புது ரொட்டியை நிமிர்த்தி வைத்தாள். காப்பாக, கத்தி முனையால் அதன்மேல் சிலுவை போட்டாள். வெண்ணெய் எடுக்கத் திரும்பினாள்.

வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

திரும்பிப் பார்த்தபோது ரொட்டியில் பாதி இல்லை. மீதிப் பாதி, கூட்டாளிக்குப் பங்கு வைத்ததுபோல, அவள் தட்டின் முன்னால் கவிழ்ந்து கிடந்தது.